கவனம் பூச்சியம்

தாவரவியல் பேராசிரியை ஒருவர், நன்றாகப் பாடம் நடத்தினார் என்னும் குற்றத்திற்காக வகுப்பறையிலிருந்து அகற்றப்பட்டார். குற்றம் ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்கப்பட்டது. சாட்சி சொன்னவர்கள் மாணவர்கள் அல்லர். அவர்தம் மேசைமேல் இருந்த கைக்கணினிகள். மனிதர் பொய் சொல்வர், கருவிகள் பொய் சொல்லமாட்டா என்பது அக்கல்லூரி முதல்வரின் அசைக்கமுடியாத கொள்கை. தம்மைப்போன்ற மனிதர்களை நெடுங்காலம் அருகிருந்து கவனித்ததனால் அவருக்கு வந்த கொள்கையாக அது இருக்கலாம்.

அந்தப் பேராசிரியையை மாணவர்கள் வேரம்மா என்று அழைப்பர். எந்தச் செடியைப் பற்றிப் பாடமோ, அந்தச் செடியை வேரோடும் மண்ணோடும் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டுத்தான் அவர் வாயைத் திறப்பார். அவருடைய கைப்பையில் சீப்புக்குப் பக்கத்திலேயே ஒரு சிறு மண்வாரியும் இருக்கும். தண்டின் குறுக்குவெட்டுத் தோற்றத்தைக் கரும்பலகையில் வரையத் தொடங்கினாரானால், வட்டத்தை ஒரே வீச்சில் போட்டு முடிப்பார். கடைசி வரிசையில் அரட்டை அடிப்பதையே தொழிலாகக் கொண்டவர்களும் அந்த வட்டத்தின் இரு முனைகளும் கூடும் கணத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வர்.

இவ்வாறு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த கல்லூரிக்குள்தான் கைக்கணினிகள் வந்து இறங்கின.

தொடக்கவிழாவன்று முதல்வர் மேடையேறினார். ஒவ்வொரு கருவியும் ஓர் அட்டைப்பெட்டியில் வந்திருந்தது. பெட்டியின் மூடியில் முதல்வரின் முகம், உள்ளபடியே அளவு மாறாமல், வண்ணத்தில் அச்சிடப்பட்டிருந்தது. கண்களை அகல விரித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கருவிக்கான செலவை ஒத்ததாகவே பெட்டிக்கான செலவும் இருந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள்.

"கரும்பலகை கருப்பு. திரை வெளிச்சம்," என்று முதல்வர் தொடங்கினார். "இருட்டைப் பார்த்துப் படிச்சவங்க மூளை இருட்டாத்தான் இருக்கும். நானே கரும்பலகையில படிச்சவன். அந்த அனுபவத்துலதான் சொல்றேன்."

கைதட்டினார்கள். அவர் உற்சாகம் அடைந்தார்.

"ஒவ்வொரு டேப்லயும் ஒரு கேமரா இருக்கு. பிள்ளைங்க கண்ணு எங்க போகுதுன்னு அது பார்த்துக்கிட்டே இருக்கும். வகுப்பு முடிஞ்சதும் கவன மார்க் போடும். மார்க் ஜீரோவுக்குப் போச்சுன்னா, அங்க பேசுனவங்களுக்கு அன்னைக்கே டேப்புக்கெல்லாம் கரண்ட் ஏத்துற சார்ஜ் ரூமுக்கு மாற்றம். அடுத்த ஜீரோ வாங்கி இன்னொருத்தர் வர்ற வரைக்கும் அங்கதான் இருக்கணும். மாற்றல் ஆணையை மெஷினே எழுதும், மெஷினே அனுப்பும். மனுஷக் கை படாது. சிபாரிசு எடுபடாது. நானே போய் ஒரு வகுப்புல பேசுனாலும் எனக்கும் இதுதான் சட்டம்! பூட்டுப் போட்டுச் சாவியைத் தூக்கி எறிஞ்சாச்சு!"

நிருவாகத்தார் எழுந்துநின்று கைதட்டினர். இத்தனை நேர்மையான மனிதரை முதல்வராகப் பெற்ற பெருமிதம் அவர்கள் முகத்தில் தெரிந்தது.

இத்திட்டத்தை நடத்திச்செல்லக் கவன அதிகாரி என்றொரு பதவி உருவாக்கப்பட்டது. அப்பதவிக்கு உலகம் முழுவதும் சல்லடை போட்டுத் தேடியதில், முதல்வரின் அக்காள் மகன் அகப்பட்டான். அவன் அதற்குமுன் ஒரு கண்ணாடிக்கடை வைத்து மூடியவன். கண் சம்பந்தப்பட்ட வேலையில் அனுபவம் உண்டு என்பதனால் தகுதிக்குக் குறைவில்லை.

மறுநாள்முதல் ஒவ்வொரு வகுப்பும் திரை வணக்கத்தோடு தொடங்கிற்று. மணி அடித்ததும் மாணவர் அனைவரும் எழுந்துநின்று, கைக்கணினியை முகத்திற்கு நேரே ஏந்தி, மெல்லப் புன்னகைக்க வேண்டும். கருவி முகத்தை அடையாளங்கண்டு "நல்வரவு" என்று சொன்னால் உட்காரலாம். சொல்லாதவர்களுக்கு மீண்டும் புன்னகை. பல்வலியால் கன்னம் வீங்கியிருந்த ஒரு பெண்ணைப் பார்த்து, "நீங்கள் நீங்கள் அல்லர்" என்று கருவி அறிவித்து, அவள் வரவில்லை என்றும் பதிந்துகொண்டது. அவள் வீக்கம் வற்றும்வரை வகுப்பில் உட்கார்ந்துகொண்டே வராமலிருந்தாள்.

வணக்கம் முடிவதற்குள் பாடவேளையில் பாதி கழிந்துவிடும். மீதிப் பாதியில் வேரம்மா பாடம் நடத்தினார். இலைத்துளைகள் எவ்வாறு திறந்து மூடுகின்றன என்பதைத் தம் இரு உள்ளங்கைகளையும் குவித்து விரித்துக் காட்டினார். மாணவர்களும் அறியாமலே தத்தம் கைகளைக் குவித்து விரித்துக்கொண்டிருந்தார்கள். வகுப்பு முடிந்தது. கவன மதிப்பெண் மூன்று என்று திரையில் விழுந்தது. நூற்றுக்கு.

அடுத்த அறையில் வணிகவியல் பேராசிரியர் கன்னத்தில் கையூன்றி உறங்கிக்கொண்டிருந்தார். அவருடைய மாணவர்கள் தலைநிமிராமல் திரைப்படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குத் தொண்ணூற்றெட்டு. அந்த மாதமே 'கவனச் செம்மல்' என்ற பதக்கத்தை அவர் சட்டையில் குத்தினார்கள். பதக்கம் குத்திய பிறகுதான் அவர் விழித்துக்கொண்டார் என்பது பொறாமைக்காரர்கள் கட்டிவிட்ட கதை.

வேரம்மாவுக்கு விளங்கவில்லை. கவன அதிகாரியின் அறைக்குச் சென்று கேட்டார்.

"தம்பி, என் கிளாஸ்ல ஒருத்தரும் தூங்கலையே. எல்லாரும் என்னைத்தானே பார்த்துக்கிட்டிருந்தாங்க?"

"அதுதான் மேடம் பிரச்சினையே." அவன் இரக்கத்தோடு நாற்காலியைக் காட்டினான். "கண்ணு திரைமேல இருந்தா கவனம். வேற எங்க இருந்தாலும் கவனச் சிதறல்."

"போர்டைப் பார்த்தா?"

"சிதறல்."

"என்னைப் பார்த்தா?"

"அது பெரிய சிதறல் மேடம். 'ஆசிரியரால் ஏற்படும் கவனச் சிதறல்'னு தனித் தலைப்பே இருக்கு. உங்க பேருதான் அதுல முதல்ல இருக்கு. எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் உங்களைத் தெரியும்."

"அப்ப நான் பாடம் நடத்தக் கூடாதா?"

"தாராளமா நடத்துங்க மேடம், யாரு வேணாம்னா? பிள்ளைங்க கவனம் உங்க பக்கம் திரும்பாம நடத்துங்க. மத்தவங்க எல்லாம் பழகிட்டாங்களே."

அதற்கடுத்த வாரம் வேரம்மா ஒரு காளானை மண்ணோடு கொண்டுவந்தார். உயிருள்ள பொருள்களைக் கருவிக்குக் காட்டாமல் மாணவர்க்குக் காட்டலாகாது என்று சுற்றறிக்கை வந்திருந்தது. எனவே முதலில் கருவிக்குக் காட்டினார். கருவி சற்றுநேரம் சிந்தித்து, "குடை. நிறம் வெள்ளை. ஒருவருக்குப் போதுமானது" என்று பதிந்துகொண்டது. மாதத்தேர்வில் அதே படம் வந்தது. காளான் என்று எழுதியவர்களுக்கெல்லாம் மதிப்பெண் போயிற்று. குடை என்று எழுதியவன் ஒருவனே. அவன் அன்று வகுப்புக்கே வந்திராதவன்.

வேரம்மா முதல்வரிடம் முறையிட்டார்.

"கம்ப்யூட்டர் சொன்னா காரணம் இல்லாம இருக்காது," என்றார் முதல்வர். "யோசிச்சுப் பாருங்க, ரெண்டும் மழைக்காலத்துலதானே வெளிய வருது? உங்களுக்குத் தெரியாததை அது கண்டுபிடிச்சிருக்குன்னு ஏன் எடுத்துக்க மாட்டேங்கிறீங்க?"

அன்று மாலை வீட்டில், அஞ்சலகத்தில் வேலைபார்க்கும் அவர் கணவர், வெங்காயம் உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"ஒண்ணு பண்ணேன். ரெண்டு பிள்ளைங்களைக் கூப்பிட்டு, நீங்க மட்டும் டேப்பையே பார்த்துக்கிட்டு இருங்கன்னு சொல்லிடு. ஜீரோ வராதுல்ல?"

"யாரைங்க அப்படிச் சொல்றது? நீ மட்டும் கத்துக்காதேன்னு எந்தப் பிள்ளைகிட்ட சொல்லட்டும்?"

"சரிதான். அப்ப கொஞ்சம் மோசமா நடத்திப் பாரு."

"எத்தனை வருஷமா நடத்துறேன்? இனிமே அதுக்குப் போய்ப் பழகணுமா?"

கணவர் வெங்காயத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்ப சார்ஜ் ரூமுக்குத் துணையா ஒரு விசிறி எடுத்துக்கிட்டுப் போ. காத்து வராதாம்."

அவர் வாய்முகூர்த்தம் பலித்தது. விதை முளைக்கும் பாடம் நடந்த நாள் அது. ஈரப்பஞ்சில் சில நாள் வைத்திருந்த அவரைவிதையை வேரம்மா நகத்தால் மெல்லப் பிளந்து, உள்ளே சுருண்டுகிடந்த முளையை வெளிச்சத்தில் பிடித்துக்காட்டினார். அத்தனை பேரும் இருக்கையைவிட்டு எழுந்து மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். வழக்கமாக மணி பார்ப்பதற்காகவேனும் திரையை நோக்கும் மூவரும்கூட அன்று நோக்கவில்லை. அவர் தம் வாழ்நாளில் நடத்திய பாடங்களில் தலைசிறந்தது அதுவே. மணி அடித்தது. ஆளற்ற மேசைகளின்மேல் இருந்த கருவிகள் எல்லாம் ஒரே குரலில், "கவனம் பூச்சியம்" என்றன. அடுத்த நொடியில் அவருடைய மாற்றல் ஆணை, மனிதக் கை படாமல், வந்து சேர்ந்தது.

பிளந்த விதையை அவர் ஒரு மாணவியின் கையில் வைத்துவிட்டு, சுண்ணக்கட்டித் தூளைத் தட்டிக்கொண்டு வெளியேறினார். தாவரவியலை இனி அப்பெண்ணும் மற்றவர்களும் கருவியிடம் கற்பார்கள். குடை முதலியவற்றை.

மின்னேற்ற அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. சன்னல் கிடையாது. சுவர்முழுதும் மின்செருகிகள், தரைமுழுதும் பாம்புக்குட்டிகளைப் போலப் பின்னிக்கிடக்கும் கம்பிகள், மூலையில் கூரைவரை அடுக்கிய காலிப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் முதல்வர் சிரித்துக்கொண்டிருந்தார். இருந்த ஒரே நாற்காலியில் தருக்கவியல் பேராசிரியர் அமர்ந்திருந்தார். ஆசிரியர் மன்றக் கூட்டத்தில் முதல்வரை நோக்கி 'ஏன்' என்று கேட்டவர் அவர். இந்தப் பூச்சிய விதியே அவரைக் கருதித்தான் எழுதப்பட்டது என்று பேச்சு. முதல் பூச்சியம் அவருடையதுதான்.

"வாங்கம்மா, வாங்க," என்று அவர் பரிவோடு எழுந்தார். "நீங்க வருவீங்கன்னு தெரியும். ஆனா இவ்வளவு நாள் ஆனதுல எனக்கு உங்கமேல கொஞ்சம் வருத்தம்தான்."

"எனக்காகவா காத்திருந்தீங்க?"

"நீங்க வந்தாத்தானே நான் போக முடியும்? நல்லா நடத்துறவங்க இந்தக் காலேஜ்ல வேற யாரு இருக்கா?" அறைச் சாவியை வேரம்மாவின் கையில் வைத்தார். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். "நான் இனிமே வாயைத் திறக்கப்போறதில்லம்மா. என்னால உங்களை மீட்க முடியாது. மன்னிச்சிடுங்க."

சொன்னபடியே செய்தார். வகுப்பில் போய் உட்கார்ந்து சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார், தொண்ணூற்றொன்று வாங்கினார். ஏனைய ஆசிரியர்களும் பாடம் சிறக்காமல் காத்துக்கொண்டார்கள். எவரேனும் தம்மை மறந்து ஒன்றைச் சுவையாகச் சொல்லத் தொடங்கினால், உடனே நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொள்வர். மாதங்கள் ஓடின. பூச்சியம் ஒன்றும் வருவதாக இல்லை. வேரம்மாவின் இறுதியாண்டு மாணவர்கள் மதிய இடைவேளைகளில் படிக்கட்டில் வந்து உட்கார்ந்து பாடத்தில் ஐயம் கேட்டார்கள். அதையும் கண்டுபிடித்து, படிக்கட்டில் உட்கார்வது ஒழுங்கீனம் என்று ஒரு சுற்றறிக்கை விட்டார்கள்.

அன்றுதான் வேரம்மாவுக்குக் கோபம் வந்தது. அதுவரை இருந்தது வியப்பும் வருத்தமும் மட்டுமே. கோபம் வந்த கையோடு ஒன்றையும் கண்டார். மின்னேற்றிய ஒரு கைக்கணினியைக் காலிப்பெட்டி ஒன்றன்மேல் சாய்த்து வைக்கப்போனார். கருவியின் முகமும் பெட்டியில் இருந்த முகமும் நேருக்கு நேர் நின்றன. "நல்வரவு," என்றது கருவி, பணிவோடு. "கவனம் மிக நன்று."

அவர் பெட்டியைப் பார்த்தார். முதல்வர் இமைக்காமல் திரையையே நோக்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். வேரம்மாவும் நெடுநாள் கழித்துச் சிரித்தார். ஆயினும் வகுப்பறைக்குத் திரும்பாமல் அந்தக் கண்டுபிடிப்பால் பயன் இல்லை. திரும்பவேண்டுமானால் ஒரு பூச்சியம் வேண்டும். தம்மைப்போல் நல்லவர் ஒருவரை இந்தப் பொந்தில் தள்ளிவிட்டுப் போக அவருக்கு மனம் இல்லை. தள்ளத் தக்கவர் ஒருவர் இருந்தார், அவரோ வகுப்பெடுப்பதில்லை.

அந்தத் தக்கவரே ஒருநாள் மூக்கைப் பொத்திக்கொண்டு அறைக்குள் வந்தார்.

"மேடம், தர மதிப்பீட்டுக் குழு வருது. மாதிரி வகுப்பு நானே எடுக்கப்போறேன். கவனம்ங்கிறதுதான் தலைப்பு. பெரிய திரையில மார்க்கை நேரடியா காட்டப்போறோம். டேப் எல்லாம் முழு சார்ஜோட இருக்கணும்."

"இருக்கும் சார்."

"அப்புறம் உங்க இறுதியாண்டுப் பிள்ளைங்க வேணும். வணிகவியல் பசங்க கண்ணை எடுக்காம திரையைப் பார்ப்பாங்க, அதுல குறையில்ல. ஆனா குழு ஏதாவது கேள்வி கேட்டா திருதிருன்னு முழிப்பாங்க. உங்க பிள்ளைங்க டாண்டாண்ணு பதில் சொல்றாங்க. எப்படித்தான் கத்துக்கிட்டாங்களோ!"

"எப்படியோ கத்துக்கிட்டாங்க சார்." வேரம்மா ஒரு கம்பியைச் சிக்கெடுத்தார். "ஆனா அந்தப் பிள்ளைங்களுக்குப் பேசுறவங்களைப் பார்க்கிற கெட்ட பழக்கம் உண்டு. உங்களைப் பார்த்துட்டாங்கன்னா?"

முதல்வர் வாய்விட்டுச் சிரித்தார். "என்னையா? இத்தனை வருஷத்துல நான் பேசும்போது ஒருத்தன் நிமிர்ந்து பார்த்ததில்ல மேடம். அந்த நம்பிக்கை எனக்கு இருக்கு."

குழு வந்த நாளன்று, மின்னேற்றிய கருவிகளை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வேரம்மா அரங்கிற்குச் சென்றார். முதல்வர் இன்னும் வரவில்லை. மாணவர் ஒவ்வொருவருக்கும் கருவியைக் கொடுத்துக்கொண்டே மெல்லிய குரலில் சொன்னார்:

"முதல்வர் பேசப்போறாரு. பெரியவரு. அவர் முகத்தைப் பார்த்துக் கேளுங்க. அவர் முடிக்கிற வரைக்கும் கண்ணை எடுக்காதீங்க. நான் உங்களுக்கு வேற எதுவும் சொல்லலை. மரியாதையா இருங்கன்னுதான் சொல்றேன்."

பல்வலிப் பெண் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "இமைக்கலாமா மேடம்?"

"இமைக்கலாம்டி. அவசியம்னா."

முதல்வர் பேசத்தொடங்கினார். பெரிய திரை அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. தொடக்கத்தில் அதில் எண்பது என்று இருந்தது. முதல் வாக்கியம் முடிந்ததும் மாணவர் அனைவரும் ஒருசேரத் தலைநிமிர்ந்து அவர் முகத்தை நோக்கினர். அவருக்கு ஏதோ செய்தது. அவ்வளவு கண்கள் தம்மேல் தங்கியதை அவர் அறிந்ததே இல்லை. குரல் கனிந்தது, கைகள் தாமே எழுந்தன, தம் இளமைக்கால வறுமையைப் பற்றிச் சொல்லலானார். பின்னால் எண்பது நாற்பதாயிற்று, நாற்பது ஒன்பதாயிற்று.

அரங்கின் கடைசியில் நின்ற கவன அதிகாரி, நிறுத்துங்கள் என்று இரு கைகளையும் தலைக்குமேல் ஆட்டினான். முதல்வர் அதனைப் பாராட்டு என்று கொண்டு, இன்னும் விரிவாகப் பேசினார். அவன் கழுத்தை விரலால் அறுப்பதுபோல் சைகை காட்டினான். உணர்ச்சிவசப்பட்டுவிட்டான் பையன் என்று முதல்வர் நெகிழ்ந்தார். எண் இரண்டுக்கு இறங்கியபோது அவனால் பொறுக்க முடியவில்லை.

"மாணவர்களே! முதல்வரைப் பார்க்காதீங்க! தயவுசெஞ்சு அவரைக் கவனிக்காதீங்க!"

குழுத்தலைவியான அம்மையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு கேட்டார்: "என்ன சொல்றாரு இவரு?"

முதல்வர் திரும்பித் திரையைப் பார்த்தார். நிறம் மாறினார். மாணவர்களை நோக்கி விரலை நீட்டி, "ஏய்! யாரும் என்னைப் பார்க்கக் கூடாது! நான் சொல்றதை யாரும் கேக்க வேணாம்! குனிஞ்சு திரையைப் பாருங்க!" என்று கூவினார்.

மாணவர்கள் அதனையும் அவர் முகத்தைப் பார்த்தே, மிக்க மரியாதையோடு, கேட்டுக்கொண்டார்கள்.

"அவங்க உங்களைப் பார்க்கவும் கூடாது, கேக்கவும் கூடாதுன்னா," என்றார் குழுத்தலைவி, உண்மையாகவே அறிந்துகொள்ளும் விருப்பத்தோடு, "நீங்க எதுக்கு சார் அங்க நிக்கிறீங்க?"

மணி அடித்தது. "கவனம் பூச்சியம்," என்றன கருவிகள். முதல்வரின் சட்டைப்பையில் இருந்த கைப்பேசி சிணுங்கிற்று. ஆணை வந்துவிட்டது.

"நிறுத்துடா அதை!"

"முடியாது மாமா! மனுஷக் கை படக்கூடாதுன்னு நீங்கதானே பூட்டச் சொன்னீங்க!"

"சாவி எங்கடா?"

"நீங்கதான் மாமா தூக்கி எறிஞ்சேன்னு மேடையில சொன்னீங்க. நான் அதை உண்மையாவே எறிஞ்சிட்டேன்."

தாம் இயற்றிய சட்டத்திற்குத் தாமே தலைவணங்கிய முதல்வரின் மாண்பைக் குழு தன் அறிக்கையில் வெகுவாகப் பாராட்டியது. அப்படிப்பட்ட சட்டத்தை எக்காரணத்தாலும் மாற்றலாகாது என்றும் பரிந்துரைத்தது. நிருவாகத்தார் மீண்டும் எழுந்துநின்று கைதட்டினர். பொறுப்பு முதல்வராக வணிகவியல் பேராசிரியர் அமர்த்தப்பட்டார். அந்த நாற்காலி உறங்குவதற்கு முன்னதைக்காட்டிலும் வசதியாக இருக்கிறதாம்.

மறுநாட்காலை முன்னாள் முதல்வர் மாடிப்படிக்குக் கீழே குனிந்து வந்தார். வேரம்மா நாற்காலியிலிருந்து எழுந்து, அதைத் துடைத்துப் போட்டார்.

"உக்காருங்க சார். அந்த மூணாவது செருகியைத் தொடாதீங்க, ஷாக் அடிக்கும். இந்தாங்க சாவி. காத்து வராது, என் வீட்டுக்காரர் கொடுத்த விசிறி இருக்கு, வச்சுக்கோங்க."

அவர் கம்பிகளைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "எவ்வளவு நாள் மேடம் இருக்கணும்?"

"இந்தக் காலேஜ்ல யாராவது ஒருத்தர் நல்லா பாடம் நடத்துற வரைக்கும் சார்."

அவர் முகத்தில் சிறிது ஒளி வந்தது. "அப்ப நீங்கதான் இன்னைக்கே நடத்துவீங்களே! விதை, வேருன்னு எதையாவது கொண்டுபோய்..."

"நடத்தாம? இப்பவே போறேன். முதல் மணி எனக்குத்தான்."

அன்று வேரம்மா ஒரு தொட்டாற்சுருங்கியை மண்ணோடு கொண்டுபோனார். வகுப்பு அவரைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. அவ்வாரத்திலேயே தருக்கவியல் பேராசிரியர் வாயைத் திறந்தார். வரலாற்று ஆசிரியர் நாக்கைக் கடிப்பதை நிறுத்தினார். வகுப்பு ஒவ்வொன்றிலும் மாணவர் அனைவரும் கரும்பலகையைப் பார்த்தார்கள். கவன மதிப்பெண் மட்டும் இரண்டுக்கோ மூன்றுக்கோ கீழே இறங்கவே இல்லை. பூச்சியம் அக்கல்லூரியில் அதன்பின் எவர்க்கும் வாய்க்கவில்லை.

முன்னாள் முதல்வர் நாள்தோறும் காலையில் மின்னேற்ற அறையின் வாசலில் நின்று, பூச்சியம் வந்ததா என்று விசாரிப்பார். மழைக்காலமும் வந்து போயிற்று. ஒருநாள் மூலையைப் பார்த்தவருக்குச் சந்தேகம் தட்டியது.

"மேடம், இங்க என் படம் போட்ட பெட்டிங்க கூரை வரைக்கும் இருந்துச்சே. பாதிக்குமேல காணோமே? எங்க போச்சு?"

கைப்பையில் மண்வாரியைப் போட்டு மூடிக்கொண்டு, வகுப்புக்குப் புறப்பட்டிருந்த வேரம்மா படிக்கட்டில் நின்றார்.

"எங்கயும் போகலை சார். எல்லா கிளாஸ்லயும் கடைசி பெஞ்சுல ஒரு டேப்புக்கு முன்னாடி உக்கார்ந்திருக்கீங்க. ரொம்பக் கவனமா இருக்கீங்க."